மலையேற்றத்தில் தண்ணீர் குடித்த லொறி: அரித்துப்போன ஒரு ஹோஸ் இணைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு நுவரெலியாவுக்கு அருகிலுள்ள கந்தப்பளைப் பகுதியில் ஓடும் ஒரு மரக்கறி லொறியைப் பற்றியது. ஜப்பானில் செய்யப்பட்டு, அங்கே சில காலம் ஓடி, பின்னர் இலங்கைக்கு வந்த நான்கு சிலிண்டர் டீசல் லொறி. கெபினை முன்னால் கவிழ்த்தால்தான் எஞ்சின் தெரியும். வார்ப்பிரும்பு எஞ்சின், செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழையதை விற்று வேறொன்று வாங்கும் எண்ணம் எங்கள் பக்கத்தில் பலருக்குக் கைகூடவில்லை. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே இப்படிப்பட்ட லொறிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து ஓட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு நுவரெலியா, ரம்பொடை, புசல்லாவை, கம்பளை, கண்டி, மாத்தளை வழியாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவில் இறங்குவதும், மறுநாள் திரும்பி ஏறுவதும் இந்த லொறியின் வேலை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை சுமார் 500 மீற்றர்தான். திரும்பி வரும்போது லொறி 1,300 மீற்றருக்கு மேல் ஒரே மூச்சாக ஏற வேண்டும். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இந்த உயரமே காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஒக்டோபர் மாதத்திலிருந்து லொறி தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தது. ஆரம்பத்தில் ஒரு பயணத்துக்கு ஒரு லீற்றர் போனது. டிசம்பர் கடைசியில் ஐந்து லீற்றர் கேன் ஒன்று முழுதாகப் போனது. சாரதி ரம்பொடைக்கு மேலே மலையூற்று நீர் விழும் ஒரு பீலியில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு வருவார். இருபத்தைந்து வருடம் மலைப்பாதையில் ஓட்டியவர். அவசரப்படாத மனிதர்.

லொறி என் கராஜுக்கு வருவதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் காட்டப்பட்டிருந்தது. ஓரிடத்தில் ரேடியேட்டர் மூடியை மாற்றியிருந்தார்கள். இன்னோரிடத்தில் ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். உரிமையாளர் அந்தத் தொகையைக் கேட்டுத் திகைத்துப்போய்த்தான் என்னிடம் வந்தார்.

லொறி வந்த நாள்

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம். பிற்பகல், எஞ்சின் சூடாக இருந்த நேரத்தில் லொறி வந்தது. அடியில் எங்கும் சொட்டு இல்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. எண்ணெய்க் குச்சியில் பால் நிறம் இல்லை. புகைக்குழாயில் வெண்புகை இல்லை. ரேடியேட்டர் ஆறிய பிறகு மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது குமிழிகள் எழவில்லை. ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் தள்ளிக் குமிழிவிட வேண்டும். இந்த மூன்று அறிகுறிகளும் இல்லாதபோது ஹெட்டைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரின் நிறம்தான் என்னைக் கவலைப்படுத்தியது. எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் மருந்துநீரான கூலன்ட்டின் பச்சையோ சிவப்போ இல்லை. வெறும் செங்காவி நிறம். இந்த லொறிக்குக் கூலன்ட் கடைசியாக எப்போது ஊற்றப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பீலித் தண்ணீர் பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருக்கும். மலைநாட்டு ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர், கெட்டிலில் கல் படியாத தண்ணீர். அதனாலேயே அது எஞ்சினுக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. ஊற்றும் ஒவ்வொரு முறையும் புதிய பிராணவாயுவையும் கூடவே கொண்டுபோகிறது. மூடிய சுற்றுக்குள் ஒரே தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் அதிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்து துரு மந்தப்படும். வாரத்துக்கு மூன்று முறை புதுத் தண்ணீர் ஊற்றினால் துருவுக்கு ஓய்வே இல்லை.

கெபினைக் கவிழ்த்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தபோது, எஞ்சின் ஹெட்டின் பின் ஓரத்தில் ஒரு வெண்பச்சைப் படிவு தெரிந்தது. ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் நாட்டில் பலர் செய்வது போல இந்த லொறியிலும் ஹீட்டரை என்றோ நீக்கிவிட்டு, ஹெட்டின் பின்னாலிருந்து வரும் குழாயையும் தண்ணீர்ப் பம்ப்புக்குத் திரும்பும் குழாயையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைத்திருந்தார்கள். ஹெட் பக்கத்தில் ஹோஸ் மாட்டப்பட்டிருந்தது மறையால் (திருகுப் புரியால்) பூட்டிய ஓர் இரும்பு எல்போவில், அதாவது வளைந்த குழாய்த் துண்டில். அதன் கழுத்துத் துருவேறி வீங்கியிருந்தது. படிவைச் சுரண்டியதும் உலர்ந்த தூளாக உதிர்ந்தது. சூடான உலோகத்தில் கசியும் தண்ணீர் கீழே சொட்டுமுன் ஆவியாகிவிடுகிறது, உப்பும் துருவும் மட்டும் மிஞ்சுகின்றன. சூடான எஞ்சினில் கசிவைத் தேடிய மற்றவர்கள் கண்டுபிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை

லொறியை இரவு என் முற்றத்திலேயே நிறுத்தச் சொன்னேன். நுவரெலியாவில் ஜனவரி இரவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, சில நாட்களில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது கியர் பெட்டிக்கு முன்னால் தரையில் உள்ளங்கை அளவு ஈரம் இருந்தது. குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்குகிறது. உலோகமும் சுருங்குகிறது, ஆனால் ஒரே அளவில் அல்ல. இறுக்கமாக இருந்த இடத்தில் மயிரிழை அளவு வழி திறந்துவிடுகிறது. எஞ்சின் சூடானதும் அது பெரும்பாலும் மூடிக்கொள்கிறது.

உறுதிப்படுத்த அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். கடையில் விற்கும் சோதனைக் கருவி என்னிடம் இல்லை. பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் டயர் வால்வைப் பற்றவைத்து நானே செய்த ஒன்று இருக்கிறது. சைக்கிள் பம்ப்பால் அடித்து, டயர் மானியால் அளந்துகொள்வேன். மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. இந்த லொறிக்கு அது சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல். அந்த அளவுக்கு ஏற்றியதும் எல்போவின் கழுத்தில் ஒரு நீர்மணி திரண்டது. துடைத்தேன், மீண்டும் திரண்டது. பத்து நிமிடத்தில் மானி 13இலிருந்து 8க்கு இறங்கியிருந்தது. வேறெங்கும் ஈரம் இல்லை.

எஞ்சினைக் கிளப்பியபோது வெப்பமானியின் முள் மேலே ஏற இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. காலைக் குளிர்தானே என்று விட்டுவிட்டேன். அந்த அறிகுறியை நான் மதித்திருந்தால் இந்த நிகழ்வு பாதியிலேயே முடிந்திருக்கும்.

எடுத்த முடிவு

எல்போவை அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். உரிமையாளரிடம் அப்படியே சொன்னேன். ஆனால் கந்தப்பளையில் கரட் கழுவி மூட்டை கட்டியாகிவிட்டது. பொங்கலுக்கு முந்திய சந்தை. வாடகைக்கு வேறு லொறி கிடைக்கவில்லை. "இந்த ஒரு பயணம் மட்டும் போய்விட்டு வரட்டும், தம்பி. வந்ததும் எத்தனை நாளானாலும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்" என்றார். அந்தக் கரட்டில் மூன்று விவசாயக் குடும்பங்களின் பணம் இருந்தது. நான் இணங்கினேன்.

எபோக்சிப் பசை பூசித் தரும்படி அவர் கேட்டதை மறுத்தேன். துருவின் மேல் பூசும் பசை துருவைத்தான் பிடித்துக்கொள்ளும், இரும்பைப் பிடிக்காது. ஹோஸைக் கழற்றி எல்போவின் உண்மை நிலையைப் பார்க்கவும் அஞ்சினேன். தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தது. கடைசியில் இரண்டு காரியம் செய்தேன். ஏற்கெனவே இருந்த கிளிப்புக்குப் பின்னால் இன்னொரு கிளிப் பூட்டினேன். பலமிழந்த எல்போவின் மேல் அழுத்தம் விழாதிருக்க, ரேடியேட்டர் மூடியை முழுதாகப் பூட்டாமல் முதல் படியிலேயே நிறுத்தி, அழுத்தம் வெளியேறும்படி விட்டேன்.

சாரதியிடம் மூன்று விடயம் சொன்னேன்: இருபது லீற்றர் தண்ணீர் கூடவே இருக்கட்டும், திரும்பும்போது வெறும் லொறியாக வாருங்கள், சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இவற்றை உரிமையாளரிடம் நேரில் சொல்லாமல் சாரதியிடம் மட்டும் சொன்னேன். அது என் தவறுகளில் ஒன்று.

மூடியைத் தளர்த்தியது அதைவிடப் பெரிய தவறு. தாழ்நிலத்தில் பல தடவை செய்து பலன் கண்ட உபாயம் அது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஒவ்வொரு 300 மீற்றர் ஏறும்போதும் ஏறத்தாழ ஒரு பாகை குறையும். நுவரெலியாவில் 94 பாகைதான். மூடி ஒழுங்காகப் பூட்டி 13 இறாத்தல் அழுத்தம் இருந்தால் அதே நுவரெலியாவில் சுமார் 115 பாகைவரை கொதிக்காது. மூடி என்பது தண்ணீர் வெளியே தெறிக்காமல் இருப்பதற்கான வெறும் மூடி அல்ல. மலையில் எஞ்சினுக்குக் கிடைக்கும் இருபது பாகைத் தாங்குசக்தி அந்த மூடியில்தான் இருக்கிறது. எல்போவைக் காப்பாற்ற நினைத்து அந்த இருபது பாகையை என் கையாலேயே எடுத்துவிட்டேன்.

ரம்பொடை ஏற்றம்

இறங்கும் பயணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை குறைவு. தம்புள்ளையில் கரட் நல்ல விலைக்குப் போனது. அங்கே உரிமையாளருக்கு 40 மூட்டை அரிசி ஏற்றிவர ஒரு வாடகை கிடைத்தது. மூட்டை ஒன்று 50 கிலோ, மொத்தம் இரண்டு தொன். வெறும் லொறியாக வரச் சொன்ன காரணம் அவருக்குத் தெரியாது. சாரதி தயங்கிச் சொன்னார், ஆனால் வலியுறுத்தவில்லை. காரணம் தெரியாமல் ஒருவரால் எப்படி வலியுறுத்த முடியும்?

கம்பளை தாண்டியதும் முள் வழக்கத்தைவிட உயர்ந்தது. புசல்லாவையில் நிறுத்தி ஆறவிட்டு, நான்கு லீற்றர் ஊற்றினார்கள். ரம்பொடையைத் தாண்டி லபுக்கலைக்கு ஏறும் வளைவுகளில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, முள் திடீரென்று கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த உதவியாளர் நல்லதாயிற்று, ஆறிவிட்டது என்றாராம்.

சாரதி அடுத்த நிமிடமே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். "பாஸ், இரண்டு தொன் பாரத்தோடு ஏற்றத்தில் எஞ்சின் தானாகக் குளிராதே" என்று பின்னர் என்னிடம் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஆய்வை எழுத வேண்டும் என்று தோன்றியது. வெப்பமானியின் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டம் இறங்கி அது தண்ணீருக்கு வெளியே நின்றால், எஞ்சின் தகித்துக்கொண்டிருக்கும்போதும் முள் இறங்கிவிடும். அப்போது இன்னும் ஐந்து நிமிடம் ஏறியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். அந்த எஞ்சினைக் காப்பாற்றியவர் சாரதி.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். தண்ணீரை ஊற்றாமல் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். நான் வேறொரு வண்டியில் போனேன். அரிசியை மாற்றி ஏற்றி, லொறியை இழுத்துக்கொண்டு வந்தோம்.

எல்போ உடையவில்லை. நான் பயந்த இடம் அந்த ஏற்றத்தையும் தாங்கியிருந்தது. தளர்த்தி வைத்த மூடி வழியாகத்தான் தண்ணீர் கொதித்துப் போயிருந்தது.

கழற்றியபோது தெரிந்தவை

மறுநாள் எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு தண்ணீரை வடித்தேன். ஹோஸை இழுக்காமல் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தேன். எல்போவின் முனையிலிருந்த விளிம்பு, ஹோஸ் நழுவாமல் பிடிப்பதற்காக இருக்கும் வட்ட மேடு, கரைந்தே போயிருந்தது. கிளிப் துருவின் மேல்தான் இறுகியிருந்தது. ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருகியதும் எல்போ கழுத்தோடு முறிந்து என் கையில் வந்தது. மறையுள்ள துண்டு ஹெட்டுக்குள் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் எஞ்சின் பல தடவை பாழாவதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். முதலில் துணித்துண்டு ஒன்றில் கிரீஸ் தடவி, நூல் கட்டி, துளைக்குள் செருகினேன். உதிரும் தூள் எஞ்சினுக்குள் போகக் கூடாது. துணியும் உள்ளே தொலைந்துவிடக் கூடாது, அதற்குத்தான் நூல். துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் சுற்றிலும் மெல்லச் சூடேற்றி, மெழுகுவத்தியைத் தொட்டு உருகவிட்டேன். உருகிய மெழுகு மறைக்குள் ஊர்ந்து செல்லும். வார்ப்பிரும்பை ஒரே இடத்தில் கடுமையாகச் சூடாக்கினால் வெடித்துவிடும் என்பதால் கை பொறுக்காத அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

உடைந்த துண்டை எடுக்கும் திருகாணி என்னிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தவில்லை. துண்டின் சுவர் மெலிந்திருந்தது. திருகாணி அதை வெளிநோக்கி விரித்து மறையோடு இன்னும் இறுக்கிவிடும். அந்தத் திருகாணி உள்ளே முறிந்தால், கடினமான எஃகு என்பதால் துளையிடவும் முடியாது. ஆகவே இரும்பறுக்கும் வாளின் அலகை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, துண்டின் உட்புறத்தில் இரண்டு கோடுகள் அறுத்தேன். எவ்வளவு ஆழம் அறுப்பது என்பதைத் தூளே சொல்லும். எஃகின் தூள் பளபளக்கும். அது கறுத்து, கரித்தூள் போல மாறினால் அலகு வார்ப்பிரும்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். கறுப்பு தெரியத் தொடங்கியதும் நிறுத்தினேன். சிறு உளியால் தட்டியதும் துண்டு உள்நோக்கி மடங்கி வந்துவிட்டது. இந்த வேலைக்கு மட்டும் மூன்று மணி நேரம் போனது. ஒரு நிமிடமும் வீணில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தேர்மோஸ்டாட்டின் உறையைத் திறந்தபோது அடுத்த அதிர்ச்சி. உள்ளே தேர்மோஸ்டாட் இல்லை. எப்போதோ யாரோ சூடாகாமல் இருக்கட்டும் என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள். உரிமையாளருக்கு அது மறந்தே போயிருந்தது. காலையில் முள் ஏறத் தாமதித்த காரணம் குளிர் மட்டும் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. இந்த எஞ்சினில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் கீழ்த்தட்டு குறுக்குவழி ஒன்றை மூடுகிறது. தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே பம்ப்புக்குத் திரும்பிவிடும். சமதரையில் அது வெளியே தெரியாது, இரண்டு தொன் ஏற்றிக்கொண்டு மலையேறும்போது தெரியும்.

மாற்று உறுப்பு

ஹீட்டர்தான் இல்லையே, துளையை அடைத்துவிட்டால் என்ன என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கசிவதற்கு ஓர் இடம் குறையும். ஆனால் அந்தத் துளை பம்ப்பிலிருந்து மிகத் தொலைவான நான்காம் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றும் நீராவியும் தங்கக்கூடிய மூலையிலிருந்து அவை வெளியேறும் வழி அது. அதை அடைப்பது சரி என்று சொல்லும் கையேடு என் கையில் இல்லாத நிலையில், செய்தவர்கள் வைத்த ஓட்டத்தை நிறுத்த நான் விரும்பவில்லை.

மறையளவியை வைத்துப் பார்த்தபோது அங்குலத்துக்கு 19 மறை, கூம்பு மறை. அதாவது குழாய் வேலைக்காரர்கள் மூன்று நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) என்று சொல்லும் அதே பிரித்தானிய அளவு. பேர்தான் மூன்று நூல். வெளிவிட்டத்தை அளந்தால் ஐந்து நூலுக்கும் மேல், ஏறத்தாழ 16.7 மில்லிமீற்றர் வரும். இதை அறியாமல் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுக் கடையில் தவறான உறுப்பை வாங்கி வருகிறவர்கள் பலர். ஜப்பானிய எஞ்சின்களில் இந்த மறை அடிக்கடி வருவது எங்களுக்கு ஒரு வசதி, நாட்டிலுள்ள எந்தக் குழாய்க் கடையிலும் அதற்கு ஈடு கிடைக்கும். அமெரிக்க அளவில் அங்குலத்துக்கு 18 மறை. அது இரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்ளும். பலம் போட்டு ஏற்றினால் ஹெட்டின் மறை போய்விடும்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய எல்போ கிடைக்கும் என்றார்கள். அதுவும் இதே வயதுடைய இரும்பு. குழாய்க் கடைக்காரர் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு எல்போவை நீட்டினார். விலை மலிவு. அதையும் வேண்டாம் என்றேன், கூலன்ட்டிலுள்ள மருந்துகளோடு நாகம் சேர்ந்து சேறு போலப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும். பித்தளை எல்போ ஒன்றும், அதில் பூட்டும் பித்தளை ஹோஸ் முனை ஒன்றும் வாங்கினேன். இரண்டு மூன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துக் கனமானதைத் தெரிந்தெடுத்தேன். தோட்டக் குழாய்க்கென்று செய்த முனைகளில் கூரிய பற்கள் வரிசையாக இருக்கும். அழுத்தத்தில் அதிரும் ஹோஸை அவை உள்ளிருந்து அறுக்கும். லேத் பட்டறையில் கொடுத்துப் பற்களைக் கடைந்தெடுத்து, நுனியில் உருண்டையான ஒரு மேடு மட்டும் விடச் சொன்னேன்.

இரண்டு உறுப்பு சேர்ந்ததால் பழையதைவிட ஓர் அங்குலம் உயரம் கூடியது. கெபினை இறக்கினால் தட்டுமோ என்ற ஐயம். எல்போவின் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, கெபினை மெதுவாக இறக்கி, மீண்டும் தூக்கிப் பார்த்தேன். களிமண் இரண்டு விரல் தடிப்பில் நின்றது. எஞ்சின் அசைவுக்கு அது போதும்.

குழாய் வேலை செய்யும் ஒருவரிடம் கூம்பு மறை டேப்பை (மறை வெட்டும் கருவியை) இரவல் வாங்கி, கிரீஸ் பூசி, ஹெட்டின் மறையைத் துப்புரவாக்கினேன். துருவை நீக்கும் அளவுக்கு மட்டும். கூம்பு மறையில் டேப்பை ஆழமாக ஓட்டினால் துளை பெருத்து, எல்போ இறுகாமல் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். டெஃப்லான் நாடாவை மறையின் திசையிலேயே மூன்று சுற்று சுற்றினேன், முதல் மறையை வெறுமையாக விட்டு. கையால் இறுகும்வரை பூட்டி, பின் ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று. திசை சரியாக அமையவில்லை. அரைக்கால் சுற்றுப் பின்னால் திருப்பினால் நேராகிவிடும், ஆனால் பின்னால் திருப்பிய கூம்பு மறை கசியும். முழுதாகக் கழற்றி, நாடாவைப் புதிதாகச் சுற்றி, மறுபடி பூட்டினேன்.

நிரப்பலும் சோதனையும்

சுற்று முழுவதையும் தண்ணீர் தெளியும்வரை கழுவினோம். 82 பாகையில் திறக்கும் புதிய தேர்மோஸ்டாட், காற்று வெளியேறும் சிறு ஊசி மேற்பக்கம் இருக்கும்படி. புதிய ஹோஸ், புதிய கிளிப்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். எங்கள் குளிருக்கு இவ்வளவு தேவையில்லை என்பார்கள். உறைவதைத் தடுப்பதற்காக அல்ல, அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துக்காகத்தான் ஊற்றினேன்.

13 இறாத்தல் ஏற்றி இரவு முழுவதும் விட்டேன். காலையில் முள் அசையவில்லை, தரை காய்ந்திருந்தது. ரம்பொடையில் சூடேறியதில் ஹெட் கெட்டிருக்குமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. குமிழி, எண்ணெய், புகை மூன்றையும் மறுபடி பார்த்தேன். எல்லாம் நலம். அரிசி ஏற்றாமல், ஆனால் கல் ஏற்றி, ரம்பொடைவரை இறங்கி ஏறினோம். நானும் கூடப் போனேன்.

பின்னர் நடந்தது

சாரதியிடம் ஒரு கொப்பி கொடுத்து, ஒவ்வொரு காலையும் எஞ்சினைக் கிளப்புமுன் தண்ணீர் மட்டத்தை எழுதச் சொன்னேன். முதல் வாரம் அரை லீற்றர் இறங்கியது. அது உள்ளே தங்கிய காற்று வெளியேறியதால். பிறகு இரண்டு வாரம் அசைவில்லை. நான்காம் வாரத்தில் மீண்டும் மெல்ல இறங்கத் தொடங்கியது.

இம்முறை பம்ப் பக்கத்து நிப்பிள், அதாவது அந்த ஹோஸின் மறுமுனை மாட்டியிருக்கும் குழாய் முனை. முதல் வேலையின்போது அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஒலி நன்றாக இருக்கிறதென்று விட்டிருந்தேன். அதே வயது, அதே தண்ணீர், அதே இரும்பு. மெலிந்த இடத்தைத் துரு அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் கழுவியபோது அந்தத் துரு போய்விட்டது. கொப்பி இருந்ததால் 300 மில்லிலீற்றர் குறைந்தபோதே பிடித்துவிட்டோம். அதையும் பித்தளையில் மாற்றினேன். அந்த இரண்டாம் வேலைக்கு உரிமையாளரிடம் கூலி வாங்கவில்லை. அது முதல் நாளே நான் செய்திருக்க வேண்டிய வேலை.

அதன் பின் மூன்று மாதம் கொப்பியில் ஒரே கோடுதான். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஆன செலவு, ஹெட் கேஸ்கட்டுக்கென்று சொல்லப்பட்ட தொகையில் ஆறில் ஒரு பங்கும் வரவில்லை.

இப்போது மாற்றிச் செய்பவை

தண்ணீர் குடிக்கும் லொறி எது வந்தாலும் ஒரு இரவு நிறுத்தச் சொல்கிறேன். சூட்டில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதில்லை. தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதை உரிமையாளரின் நினைவை நம்பாமல் நானே திறந்து பார்க்கிறேன். ஒரே சுற்றிலுள்ள இரும்பு நிப்பிள்கள் எத்தனை இருந்தாலும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறேன்.

தற்காலிக வேலை செய்து அனுப்புவதில்லை என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. சந்தைக்குப் போக வேண்டிய மரக்கறியை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் மூடியைத் தளர்த்தி மலையேற அனுப்ப மாட்டேன். கந்தப்பளை லொறியை அன்றைக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றிருந்தால், அந்தச் சுற்றின் ஹோஸை இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து நெரித்து, மூடியை முழுதாகப் பூட்டி அனுப்பியிருக்கலாம். எல்போவில் அழுத்தம் இருந்திருக்கும், கசிவும் இருந்திருக்கும். ஆனால் தண்ணீர் கொதித்திருக்காது. கூடவே கொண்டுபோன இருபது லீற்றரும் கசிவை ஈடுசெய்திருக்கும். நிபந்தனைகளைச் சாரதியிடமும், பாரம் ஏற்றுவதைத் தீர்மானிப்பவரிடமும், இருவரையும் ஒன்றாக நிறுத்தி, காரணத்தோடு சொல்கிறேன். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுக்கிறேன்.

அதே உரிமையாளருக்கு அதே வகை லொறி இன்னொன்று இருக்கிறது. அது ஒரு சொட்டும் குடிக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அதையும் கொண்டுவரச் சொல்லி எல்போவைக் கழற்றினேன். இம்முறை முறியாமல் வந்தது. கழுத்துச் சுவரில் பாதித் தடிப்புதான் மிஞ்சியிருந்தது.